சரளாக்கா வீட்டு டிவி

கிளென் ஈப்போவில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறான். ஆனால் குடும்பத்தில் யார் போன் வாங்கினாலும், டிவி மாற்றினாலும், வாசலில் கேமரா மாட்டினாலும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அக்கா பெட்ரீசியா வீட்டுக்கு இன்டர்நெட் வருகிறது என்று தெரிந்ததும் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கோப்பெங்கைத் தாண்டி அவள் இருக்கும் தாமான் குடியிருப்புக்கு வந்து இறங்கிவிட்டான்.

லைன் இழுக்க வந்த மலாய்க்காரர் ரவுட்டரைச் சுவரில் மாட்டினார். அதன் அடியில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைக் காட்டி, இந்த எண்ணை பிரவுசரில் தட்டினால் செட்டிங் பக்கம் திறக்கும், பாஸ்வேர்டும் இதிலேயே இருக்கிறது என்று பெட்ரீசியாவிடம் விளக்க ஆரம்பித்தார். கிளென் குறுக்கே புகுந்தான்.

“பிரவுசர்லாம் பழைய காலம் லா அக்கா. இப்ப எல்லாம் ஆப்புலதான். உன் போனக் குடு.”

அவள் போனில் இடமில்லை. சர்ச் குழுவில் வரும் காலை வணக்க வீடியோக்கள் அத்தனையும் உள்ளே குந்தியிருந்தன. அதை அழிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? கிளென் தன் போனிலேயே செயலியை இறக்கி, தன் ஈமெயிலைக் கொடுத்து, தன் பெயரிலேயே எல்லாவற்றையும் முடித்தான். “நான் எங்க இருந்தாலும் பாத்துக்கலாம், நீ ஒண்ணுக்கும் கவலப்படாத” என்றான். பெட்ரீசியாவும் கவலைப்படவில்லை. அவள் வீட்டு லைனின் கடிவாளம் ஈப்போவில் ஒருவனுடைய காற்சட்டைப் பையில் போய் உட்கார்ந்துகொண்டது என்பதை அப்போது அவள் அப்படி யோசிக்கவில்லை. தம்பி உதவி செய்தான், அவ்வளவுதான்.

லைன் வந்த அன்றே பக்கத்து வீட்டுச் சரளாவுக்கு பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள். சரளா கேட்கவில்லை. இந்த வரிசை வீடுகளில் கேட்கும்வரை காத்திருப்பது அழகல்ல. இங்கே முன்பு கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் இருந்தது. அதை விற்றபோது அங்கே பால் வெட்டியவர்களுக்கென்று கட்டிக்கொடுத்த வீடுகள் இவை. தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் பொதுப் பைப்பில் தண்ணீர் பிடித்துப் பழகிய சனங்கள்; வீடு தனியாக வந்த பிறகும் பழக்கம் தனியாகவில்லை. மீன் வெட்டினால் அடுத்த வீட்டுக்கு ஒரு துண்டு, வைஃபை வந்தால் அடுத்த வீட்டுக்கு பாஸ்வேர்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். வைஃபை அதைத் தாண்டிப் போவது பெரிய காரியமில்லை.

அதுவும் சரளா யாரோ எவரோ அல்ல. பெட்ரீசியா கர்ப்பப்பை ஆப்பரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தபோது, கணவன் எரிக் லூமுட்டில் கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு வர முடியாதபோது, அவள் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டவள் சரளா. கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, குடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, பாத்திரத்தையும் கழுவிக்கொண்டு போனவள். கூடப் பிறந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கிளெனும்தான்.

இன்டர்நெட் போட்டதே வேலைக்காகத்தான். கோலாலம்பூரில் ஒரு கம்பெனி பல கிளினிக்குகளுக்காகப் போன் எடுத்து, நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசத் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டும். பெட்ரீசியாவுக்கு மூன்றும் வரும். லேப்டாப்பைக் கம்பெனியே அனுப்பி வைத்தது. முதலில் தற்காலிக வேலை, குறை ஏதும் இல்லாவிட்டால் நிரந்தரம். நாற்பதை எட்டப் போகும் நேரத்தில், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு படிப்பு இல்லாத தனக்கு ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்ததில் அவளுக்குக் கொள்ளை சந்தோஷம். அந்த வேலையை விடக்கூடாது என்பதில் அவள் கண்ணும் கருத்துமாக இருந்தாள்.

ஆனால் குரல் உடைந்தது. காலையில் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். பிறகு அந்தப் பக்கத்து ஆள் பேசுவது துண்டு துண்டாக வரும். இவள் பேசுவதும் அப்படித்தான் போனதாம். மேற்பார்வை பார்க்கும் கார்மென் என்ற பெண் முதல் தடவை அன்பாகச் செய்தி அனுப்பினாள். அடுத்த தடவை அன்பு குறைந்திருந்தது. அதற்கும் அடுத்து, லைனைச் சரிசெய்ய முடியாவிட்டால் வேலையை நிரந்தரமாக்குவது கஷ்டம் என்று சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டாள். கைப்பேசி லைனை நம்பலாம் என்றால் தாமானுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை குறுக்கே நிற்கிறது. ஒரு கோடு காட்டினால் அதிர்ஷ்டம்.

அன்று மாலை பெட்ரீசியா தம்பிக்குப் போன் போட்டாள்.

“இரு, பாக்கிறேன்” என்றான் கிளென். செயலியைத் திறந்தான் போல. “அலாமாக்! என்னக்கா இது, இத்தன சாமான் தொங்குது? டிவி ஒண்ணு காலையிலேருந்து படமா இழுத்துத் தள்ளுது. உன் வீட்டு டிவியா?”

“எங்க டிவி ஏரியல்ல ஓடுறது. அது சரளாக்கா வீடு. அவங்க வீட்டுக்காரரு பிச்சமுத்து அண்ணன் லாரி ஓட்டுறத நிறுத்திட்டாரு, காலையில பசியாறிட்டு உக்காந்து படம் பாப்பாரு.”

“பாப்பாரு லா, ஏன் பாக்க மாட்டாரு. இந்தா, பேருக்குப் பக்கத்துல நிறுத்துன்னு பட்டன் இருக்கு. அமுக்கட்டா?”

சரளாவின் முகத்தைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும் என்றால் பெட்ரீசியாவால் முடிந்திருக்காது. ஆனால் இங்கே யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அமுக்கப் போவதும் அவள் விரல் இல்லை.

“சரளாக்கா கேட்டா என்ன சொல்ல?”

“லைன் சரியில்லன்னு சொல்லு. கம்பிய வந்து அவங்க நோண்டிப் பாக்கப் போறாங்களா?”

“சரி, அமுக்கு” என்றாள்.

மறுநாள் குரல் தேன் மாதிரி வந்தது. ஒரு கிழவர் இருமியது கூடச் சுத்தமாகக் கேட்டது. கார்மென் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று அனுப்பினாள்.

மத்தியானம் சரளா பின்வாசல் வழியாக வந்தாள்.

“பெட்ரீசியா, ஒங்க லைன் வருதா? எங்க டிவி வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு. அவரு ரிமோட்டப் போட்டு அடிக்கிறாரு.”

“லைன் சரியில்லக்கா. கம்பெனிக்குச் சொல்லியிருக்கு. எப்ப வருவாங்கன்னு தெரியல.”

“ஓ” என்றாள் சரளா. அவள் பார்வை மேசையில் திறந்திருந்த லேப்டாப்பின் மேல் ஒரு கணம் நின்றுவிட்டு வந்தது. “சரி லா. வந்தா சொல்லு.”

அதற்குப் பிறகு சரளா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெங்காயம் கேட்டாள், காய்கறி லாரி வந்ததா என்று கேட்டாள், டிவியைக் கேட்கவில்லை. பெட்ரீசியாவுக்கு முதலில் அது நிம்மதியாக இருந்தது. சில நாள் போனதும் உறுத்த ஆரம்பித்தது. எத்தனை நாளைக்கு ஒரு லைன் சரியில்லாமல் இருக்கும்? ஒருமுறையாவது கேட்க வேண்டாமா? கேட்டால் சொல்வதற்கு இரண்டாவது பொய் ஒன்றை அவள் தயாராக வைத்திருந்தாள். அதற்குத் தேவையே வரவில்லை. வேலை மட்டும் ஓகோவென்று போனது. ஒரு வெள்ளிக்கிழமை, நிரந்தரம் ஆக்கிவிட்டோம் என்று கம்பெனியிலிருந்து ஈமெயில் வந்தது. அந்த நல்ல செய்தியை முதலில் சொல்ல வேண்டிய ஆள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். பெட்ரீசியா லூமுட்டுக்குப் போன் போட்டு எரிக்கிடம் சொன்னாள்.

எரிக் மறுநாள் வந்தான். அவன் ஒன்றுவிட்டு ஒரு வாரம்தான் வீட்டுக்கு வருவான். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் புதுப் போன் வாங்கியிருந்தான். குளித்துவிட்டு வந்து, கோப்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டு போனைத் தட்டினான். வைஃபை பிடித்தது. ஐந்து நிமிஷத்தில் நின்றுபோனது. பெட்ரீசியாவின் போனில் எல்லாம் வந்தது, அவன் போனில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

பெட்ரீசியாவுக்குப் புரிந்துவிட்டது. புதுக் கருவி ஒன்று சேர்ந்திருக்கிறது என்று கிளெனின் போனில் மணி அடித்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வழியில் நுழையப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அமுக்கியிருப்பான். அவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் யாருக்கோ கல்யாணம், அங்கே போகிறேன் என்று காலையில் படம் போட்டிருந்தான். மாலையும் கையுமாக நிற்கிறவர்கள் நடுவில் அவன் எங்கே போனை எடுப்பான்.

“ஏன், கிளென என்னத்துக்குக் கூப்பிடுற?” என்றான் எரிக்.

சொல்ல வேண்டியதாயிற்று. குரல் உடைந்ததிலிருந்து பட்டன் அமுக்கியதுவரை சொன்னாள். எரிக் கோப்பியைக் கீழே வைத்தான்.

“உன் தம்பி ஈப்போல உக்காந்துக்கிட்டு என் வீட்டுக்குப் பெரட்டு எடுக்கிறானா? யாரு வந்தா, யாரு வரலன்னு?”

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பேர். எரிக் சின்னப் பையனாக அதைப் பார்த்தவன். பெட்ரீசியாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

“எனக்கு வேல போயிரும்போல இருந்துச்சுங்க.”

“அது சரி. சரளாக்காகிட்ட என்ன சொன்ன?”

“லைன் சரியில்லன்னு.”

எரிக் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். ஏதாவது திட்டியிருந்தால் கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் ஏறி, ரவுட்டரைக் கழற்றாமலேயே அடியில் போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். சீட்டில் இருந்த எண்ணை வாசித்தான். அவள் தன் போனில் பிரவுசரைத் திறந்து தட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது. அதையும் வாசித்தான். திறந்துகொண்டது. எதையும் மாற்றத் தெரியாத கிளென், செயலியில் எல்லாம் இருக்கிறது என்ற தைரியத்தில் இந்தக் கதவைப் பூட்டாமலேயே போயிருந்தான்.

பக்கம் பார்க்க அழகாக இல்லை. சின்னச் சின்ன எழுத்து, இடதுபக்கம் முழுக்கத் தலைப்புகள், எதை அமுக்கினால் எது போகுமோ என்று பயமுறுத்துகிற மாதிரி கட்டங்கள். ஆனால் மெதுவாகப் படித்தால் புரிந்தது. எல்லாக் கருவிகளும் வரிசையாக இருந்தன. எரிக்கின் போனுக்கும் சரளா வீட்டு டிவிக்கும் எதிரே தடை என்று இருந்தது. இன்னும் கீழே போனாள். ஒவ்வொரு கருவியும் இவ்வளவு வேகத்துக்கு மேல் இழுக்கக்கூடாது என்று வரம்பு வைக்க ஓர் இடம் இருந்தது. எந்தக் கருவிக்கு முதல் இடம் என்று குறிக்கவும் ஓர் இடம் இருந்தது.

பெட்ரீசியா அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்புக்கு முதல் இடம். டிவிக்கு ஒரு வரம்பு. பிச்சைமுத்து அண்ணன் படம் பார்த்திருப்பார், இவள் குரலும் உடைந்திருக்காது.

“இது உன் தம்பி ஆப்புல இல்லையா?” என்றான் எரிக்.

“இருந்திருக்கும். அவன் எங்க உள்ள போயிப் பாத்தான்? கண்ணுக்கு முன்னாடி நிறுத்துன்னு இருந்துச்சு, அமுக்கிட்டான்.”

அமுக்கு என்று சொன்னது யார் என்று எரிக் கேட்கவில்லை. அவளுக்கே கேட்டது.

இரண்டு தடையையும் நீக்கினாள். வரம்பு வைத்தாள், முதல் இடம் குறித்தாள். வெளியிலிருந்து நிர்வகிப்பவர் என்று ஒரு பக்கத்தில் கிளெனின் ஈமெயில் இருந்தது. அதையும் எடுத்துவிட்டு, செட்டிங் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டை மாற்றினாள். ஞாயிறு மாலை கிளென் கூப்பிட்டான்.

“அக்கா, ஆப் என்னை உள்ள விட மாட்டேங்குது. என்னமோ ஆயிருச்சு.”

“ஒண்ணும் ஆவல. நான்தான் எடுத்துட்டேன். இனிமே பிரவுசர்ல நானே பாத்துக்கறேன்.”

“பிரவுசர்லயா? சுசா லா, கஷ்டம் அதெல்லாம். வெளிய இருக்கிறப்ப என்ன பண்ணுவ?”

“வெளிய இருக்கிறப்ப எனக்கு என்னத்துக்கு? வீட்டுக்கு வந்து பாக்கிறேன்.”

அவன் முகம் தொங்கியிருக்கும். போனில் தெரியவில்லை.

தடை எடுத்தாகிவிட்டது, டிவி தானாக உயிர் பெற்றுவிடும், சரளாவும் லைன் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள், பொய் தன் பாட்டுக்கு முடிந்துபோகும் என்று பெட்ரீசியா கணக்குப் போட்டிருந்தாள். அடுத்த வாரம் முழுக்க, அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவில் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அவள் போன் இருந்தது, லேப்டாப் இருந்தது. சரளா வீட்டு டிவி சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. யாரும் அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை வேலை இல்லை. பெட்ரீசியா அடுத்த வீட்டு கேட்டருகில் போனாள். சரளா கார் நிறுத்துமிடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே டிவியில் மலாய்ச் செய்தி ஓடியது. ஏரியலில் வருவதைப் பிச்சைமுத்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, லைன் வந்திருச்சு. டிவியப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க அண்ணனை.”

சரளா குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் சேற்றைத் தள்ளிக்கொண்டு போவதையே பார்த்தபடி கேட்டாள்.

“எப்ப போச்சு?”

“ஆங்?”

“லைன் எப்ப போச்சுன்னு கேட்டேன். காலையில நீ பேசுறது என் சமையக்கட்டு வரைக்கும் கேக்குது, பெட்ரீசியா. குட் மார்னிங் சொல்றது, எந்த கிளினிக்கு, எந்த டாக்டருன்னு கேக்குறது, எல்லாம் கேக்குது. லைன் இல்லன்னு நீ சொன்ன அன்னைக்குத்தான் ரொம்ப நல்லாப் பேசிக்கிட்டிருந்த.”

பெட்ரீசியாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒற்றைச் செங்கல் சுவர் வைஃபையை மட்டும்தான் விடும் என்று அவள் நினைத்திருந்தாள். பிறந்ததிலிருந்து லயத்திலும் வரிசை வீட்டிலும் இருந்தவள், அடுத்த வீட்டில் யார் தும்மினாலும் யார் என்று சொல்லக்கூடியவள், அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள். ஹெட்போன் மாட்டினால் தன் காது அடைகிறதே தவிர அடுத்தவர் காது அடைவதில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

“எனக்கு வேல போயிரும்னு பயமா இருந்துச்சுக்கா” என்றாள். அவள் கொண்டுவந்த வார்த்தைகளில் அது இல்லை. அது ஒன்றுதான் உண்மை என்பதால் வந்தது.

“தெரியும் லா. கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். ஹலோ ஹலோன்னு நீ கத்துனதும் கேட்டுச்சு. போன் பண்ணவங்ககிட்ட சாரி சாரின்னு சொன்னதும் கேட்டுச்சு.” சரளா இப்போது குழாயை மூடினாள். “நீ வேலைக்குச் சேந்த அன்னைலேருந்து நான் காலையில மிக்சி போடுறதில்ல. அந்தப் பக்கம் சத்தம் போனா வேல கெட்டுப் போகுமேன்னு, நீ ஒக்காருறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு அரைச்சு வெச்சிருவேன். இவரையும் டிவியச் சத்தமில்லாம பாக்கச் சொல்லியிருந்தேன். படம் ஓடுனாலே ஒனக்கு லைன் அடைக்கும்னு எனக்கு என்ன தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டிவிய அணைச்சுப் போட்டிருப்போம்ல.”

பெட்ரீசியா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப சரி பண்ணிட்டேன்க்கா. பிரவுசர்ல நானே பண்ணேன். நீங்க எப்ப வேணும்னாலும் பாக்கலாம். சத்தியமா எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“இருக்கட்டும் லா. அவருக்குச் செய்தி பாத்துப் பழகிருச்சு.” சரளா குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். “வேல நெரந்தரமாயிருச்சாமே?”

“யாரு சொன்னா?”

“நீதான் எரிக்குகிட்ட போன்ல சொன்ன. சந்தோஷமா இருந்துச்சு எனக்கு.”

குழாயை ஆணியில் மாட்டிவிட்டுச் சரளா உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. பெட்ரீசியா வீட்டுக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை காலை அவள் லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போனைக் கையில் எடுத்து, மாட்டாமல் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் மிக்சி ஓடும் என்று எதிர்பார்த்தாள். ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எட்டி உதைத்த மாதிரி ஒரு சத்தம் வந்திருந்தால் கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாத்திரம் ஒன்றை யாரோ மெதுவாக, சத்தம் வராமல், கீழே வைத்தார்கள்.

முதல் அழைப்பு வந்தது. ஹெட்போனை மாட்டினாள். பத்து காஜாவிலிருந்து ஒரு பெண், மாமியாருக்குக் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். எப்போது வரலாம் என்று கேட்டாள். பெட்ரீசியாவின் கவனம் இன்னும் சுவர்ப் பக்கமே இருந்தது.

“ஹலோ? ஹலோ? லைன் கட்டாயிருச்சா?”

“இல்லம்மா, லைன் நல்லா இருக்கு” என்றாள் பெட்ரீசியா, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும் என்று தெரிந்தே. “சொல்லுங்க, எழுதிக்கறேன்.”